மேலே இருந்து பார்த்தால்

இந்த ஊரில் வானத்தில் இரைச்சல் கேட்டால் ஆட்கள் வீட்டை விட்டு வெளியே ஓடி வருகிறார்கள். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தாலும் கவலையில்லை. வாசலில் நின்று, நெற்றியில் கையைக் குடையாகப் பிடித்து, அண்ணாந்து பார்த்து, இடுப்பிலிருக்கும் குழந்தைக்கும் விரல் நீட்டிக் காட்டுகிறார்கள். நான் ஒருத்திதான் உள்ளே ஓடுகிறேன். சித்தூர் மாவட்டத்து வெதுருகுப்பத்துக்கு மருமகளாக வந்து இத்தனை வருடங்கள் ஆகியும் என் கால்கள் இந்த வழக்கத்தைக் கற்றுக்கொள்ளவில்லை.

நான் வன்னியில் பிறந்தவள். போர் முடிந்த பிறகு அம்மாவும் அண்ணனும் நானும் படகேறித் தமிழ்நாட்டு அகதி முகாமுக்கு வந்தோம். பலமனேரிலிருந்து அந்தப் பக்கத்துச் சந்தைக்குத் தக்காளி லோடு கொண்டுவந்த லாரி டிரைவர் என் கணவரானார். அண்ணன் எப்படியோ கனடா போய்ச் சேர்ந்து அம்மாவையும் அழைத்துக்கொண்டான். கல்யாணமான புதிதில் கணவர் என்னைத் திருப்பதிக்குக் கூட்டிப்போனார். பேருந்து நிலையத்தில் இறங்கியதும் எங்கு பார்த்தாலும் மொட்டைத் தலைகள். ஆண், பெண், கைக்குழந்தை எல்லோரும் மொட்டை. போர் முடிந்ததும் எங்களை முள்வேலிக்குள் அடைத்து வைத்திருந்தபோது, பேன் தாங்காமல் பிள்ளைகளின் தலைகளை வழித்துவிட்டிருந்தோம். எனக்கு அந்த நினைப்பு வந்து அழுகை முட்டிக்கொண்டது. பக்தியில் கண்ணீர் விடுகிறேன் என்று நினைத்து அவர் பூரித்துப்போனார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வராமல் நானும் மலையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோன் எங்கள் பக்கம் முதன்முதலாக வந்த நாளும் இப்படித்தான் ஆயிற்று. நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. அடுத்து நினைவு வரும்போது கொடியிலிருந்த துணி முழுவதும் என் கையில் இருந்தது, அடுப்பில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றியிருந்தேன், வீடெல்லாம் புகை. மாமியார் கோபித்துக்கொள்வார் என்று நடுங்கினேன். அவரோ மோவாயில் கை வைத்து என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா, துணியெல்லாம் வாரிக்கினு வந்துட்ட? மருந்து மேல பட்டுடும்னா? நல்ல வேலை செஞ்ச போ. எனக்குத் தோணல பாரு."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது வழக்கமாகிவிட்டது. ட்ரோன் வந்தால் அத்தை முதலில் துணியை எடுத்துவிடுவார். தெருவில் மற்றவர்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தார். என் மருமக சொன்னது என்று பெருமை வேறு. ஏன் எடுத்தேன் என்று நான் இதுவரை சொன்னதில்லை.

வன்னியில் அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் வண்டு. ஆளில்லாமல் வந்து நாள் முழுக்கத் தலைக்கு மேல் இரைந்துகொண்டிருக்கும். அது குண்டு போடாது, பார்க்கும். பார்த்துவிட்டுப் போனபின் எறிகணைகள் வரும். அதனால்தான் சத்தம் கேட்டவுடன் துணியை எடுப்போம், அடுப்பை அணைப்போம், பதுங்குகுழிக்குள் இறங்குவோம். ஆனால் கஞ்சி கொடுக்கும் இடத்தில் எதை எடுக்க முடியும், எதை அணைக்க முடியும்? ஒரு நாள் காலை என் தங்கச்சி மதி மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு வாளியோடு வரிசைக்குப் போனாள். அந்த வரிசையில் நின்றவர்கள் பெண்களும் பிள்ளைகளும்தான். வண்டு வெகு நேரம் அவர்களுக்கு மேலேயே நின்றது. பிறகு அம்மாவும் நானும் ஓடிப் போனபோது வாளியைத்தான் முதலில் கண்டெடுத்தோம்.

அம்மா அன்று முதல் ஒன்றையே சொல்லி வருகிறார். "அவங்களுக்கு என்ன தெரியும் பிள்ளை? அவ்வளவு உயரத்தில இருந்து பாத்தா நாங்கள் எறும்பு மாதிரித்தான் தெரிவம். பிள்ளையள் எண்டு தெரிஞ்சிருந்தா அடிச்சிருப்பாங்களோ?" முகாமிலும் சொன்னார், இப்போது டொராண்டோவிலிருந்து போனிலும் சொல்கிறார். நானும் அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை காலம் சோறு தின்றேன், தூங்கினேன், பிள்ளை பெற்றேன். ஆனால் மனம் நிம்மதியாக இல்லை. இப்போது தொலைக்காட்சியில் வேறு வேறு தேசங்களின் பிள்ளைகளைச் சாம்பல் பூசிய முகத்தோடு காட்டுகிறார்கள். ஒரு நாள் துல்லியமான தாக்குதல் என்று வாசிக்கிறார்கள். மறுநாள் அதே குரலில், குறி தவறிவிட்டது என்கிறார்கள். கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எழுந்து போய் இல்லாத வேலையைத் தேடிச் செய்கிறேன்.

போன வருடம் எங்கள் மகளிர் குழுவுக்கே ஒரு ட்ரோன் வந்தது. பக்கத்துத் தெரு ராணி பயிற்சிக்குப் போய் பைலட் ஆனாள். மருந்து கலக்க, பேட்டரி மாற்ற உதவிக்கு ஒருத்தி வேண்டுமென்று என்னைப் போட்டார்கள். மாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டும், அதனால் ஒப்புக்கொண்டேன். சத்தத்துக்குக் காதில் பஞ்சு வைத்தேன். ஆனால் ராணியின் கையிலிருக்கும் கருவியின் திரையை மட்டும் எட்டிப் பார்ப்பதில்லை.

"வந்து பாருக்கா, சூப்பரா கீது. கோழிக்குஞ்சு கூட தெரியுது," என்பாள். வெயிலில் கண் கூசுகிறது என்று நான் திரும்பிக்கொள்வேன். கண் கூசவில்லை. அம்மா சொன்னது பொய்யாகிவிடுமோ என்று பயம். அது பொய் என்றால் நான் எதைப் பிடித்துக்கொண்டு இருப்பது?

சென்ற வாரம் வீட்டை ஒட்டிய எங்கள் வேர்க்கடலை வயலிலேயே மருந்தடித்தோம். வேலை முடிந்து ட்ரோனை மேலே தூக்கித் திருப்பும்போது ராணியின் காலில் கருவேல முள் செருப்போடு ஏறிவிட்டது. "அம்மம்மா... புடிக்கா, இத புடி. ஒண்ணும் பண்ணாத, அது அப்படியே நின்னுக்கும்," என்று கருவியை என் கையில் திணித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். கீழே போடவும் முடியாது, கண்ணை மூடவும் தைரியமில்லை. பார்த்தேன்.

திரையில் எங்கள் வீடு தெரிந்தது. அத்தை கொல்லைப்புறக் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார். கொடியிலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக இழுத்தார், என் அம்மா இழுத்தது போலவே. அவர் கட்டியிருந்தது பச்சைப் புடவை. கிளிப்புகளில் சிவப்பு எது, நீலம் எது என்று தெரிந்தது. என் மகளின் பாவாடையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் அண்ணாந்து பார்த்தார். மேலே இருப்பது மருமகளின் ட்ரோன் என்று தெரியும் அல்லவா, வாயெல்லாம் பல்லாகக் கையை ஆட்டினார்.

இது வெறும் மருந்தடிக்கிற ட்ரோன். இதற்கே இவ்வளவு கண் என்றால், பார்ப்பதற்கென்றே செய்த வண்டுக்கு மஞ்சள் சட்டை தெரியாமலா இருந்திருக்கும்? வாளி தெரியாமலா இருந்திருக்கும்? எனக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும் போலிருந்தது. ராணி முள்ளைப் பிடுங்கிவிட்டு வந்து கருவியை வாங்கும்வரை அத்தை கையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அன்று சாயங்காலம் அம்மா போன் செய்தார். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. குழுவில் நான் ட்ரோன் வேலை பார்ப்பதை அண்ணன் சொல்லியிருக்கிறான். அம்மா சின்னக் குரலில் கேட்டார்.

"பிள்ளை, மேல இருந்து பாத்தா என்ன தெரியுது?"

"ஒண்டும் தெரியேல்லை அம்மா. நீங்கள் சொன்னது சரி. எறும்பு மாதிரித்தான்."

"அதுதானே," என்று அம்மா பெருமூச்சு விட்டது கேட்டது.

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அத்தை தலையைத் தூக்கினார். முகம் வாடிவிட்டது. "இன்னாம்மா இப்டி சொல்ற? நான் அவ்ளோ நேரம் கையாட்டிக்கினு இருந்தேனே, தெரியவே இல்லியா?"

போனை உள்ளங்கையால் இறுக்கிப் பொத்தினேன்.

"தெரிஞ்சிச்சு அத்தை. உங்க சிரிப்பு கூட தெரிஞ்சிச்சு."

பொத்திய கைக்குள்ளிருந்து அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்: "பிள்ளை, இருக்கிறியா? லைனில இருக்கிறியா?"