இருவர் கேட்ட ஒரே காய்

சிங்காநல்லூரில் எங்கள் வீட்டில் ஞாயிறுதோறும் ஜப்பானிய மாஜாங் ஆடுவோம். நானும் என் கணவரும், ஜப்பானிய மொழி வகுப்பில் பழக்கமான ஸ்டெல்லாவும் நஸ்ரீனும். சீட்டாட்டம் போலத்தான், சீட்டுக்குப் பதில் காய்கள். ஒருவர் கழிக்கும் காயை வைத்து இன்னொருவர் ஜெயிக்கலாம்; கழித்தவர்தான் தன் புள்ளிகளிலிருந்து அவருக்குக் கொடுக்க வேண்டும்.

அன்று கடைசிச் சுற்றில் நான்தான் முதலிடம். நான் கழித்த காயைப் பார்த்து ஸ்டெல்லாவும் நஸ்ரீனும் ஒரே நேரத்தில், "ஜெயிச்சாச்சு" என்றார்கள். "எனக்கு அடுத்து ஆடற முறை ஸ்டெல்லாவுக்குத்தானே, அதனால புள்ளி அவளுக்கு மட்டும்தான்" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். நான் கற்ற விதி அது. ஆனால் இருவருக்கும் புள்ளிகள் கொடுத்திருந்தால் என் முதலிடம் போயிருக்கும்.

நஸ்ரீனின் முகம் சுருங்கியது. "நான் படிச்ச விதியில ரெண்டு பேருக்குமேதானுங்க. உங்களுக்குத் தோதானதையே சொல்றீங்களேக்கா" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அடுத்த இரண்டு வாரமும் வரவில்லை.

தேடிப் பார்த்தால், இரண்டு விதிகளுமே வழக்கத்தில் இருக்கின்றன! வெட்கமாகப் போயிற்று. பஸ் ஏறிக் கிணத்துக்கடவில் அவள் வீட்டுக்கே போனேன்.

"தப்பு என்னுதுதான் கண்ணு. ஆடறதுக்கு முன்னாடியே பேசியிருக்கோணும்."

"மொதல்ல உள்ள வாங்கக்கா" என்றாள்.

இப்போது விதிகளை ஒரு தாளில் எழுதி வைத்து, ஆட்டத்துக்கு முன் உரக்கப் படிக்கிறேன். போன வாரம் என் கணவர், "ஏன் அம்மணி, இன்னும் எத்தன வாட்டி படிப்பே?" என்று சலித்துக்கொண்டார்.

"நீங்க சரின்னு சொல்ற வரைக்குமுங்க" என்றேன்.

அவர் சரி என்ற பிறகுதான் காய்களைக் கலைக்க விட்டேன்.