பூனை மருந்தில் ஒரு சிட்டிகை கூடுதல்

நான் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம்தான் உட்கார்ந்தவன். ஆனாலும் மலாக்காவில், ஜாலான் பெண்டஹாரா தெருவில் என் மசாலாக் கடையைப் பற்றி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மிளகோ சீரகமோ, நான் கையால் அள்ளிப் போட்டால் தராசு முள் நடுவில் நிற்கும். அதற்கு மேலும் ஒரு சிட்டிகை கொசுறு போடுவேன். அந்தச் சிட்டிகைக்காகவே புக்கிட் பாருவிலிருந்து சைக்கிள் மிதித்து வருவார்கள். மூட்டை தூக்கியவன் முதலாளி ஆனது இந்தக் கையால்தான்.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், கிடைத்த மறு வருஷம். காஜா பெராங்கில் இருந்த வீட்டில் நான், என் மனைவி, ஒரு பூனை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுக்கு எல்லாமே அந்தப் பூனைதான். அது ஆறு மாதமாகத் தின்றதையெல்லாம் கக்கியது, கழிச்சல் வேறு. முதுகெலும்பை எண்ணலாம். மாட்டு டாக்டர் வயிற்றைத் தடவிப் பார்த்து, குடல் உள்ளுக்குள் வீங்கியிருக்கிறது என்றார். மனுஷருக்கே புதிதாக வந்திருந்த ஸ்டீராய்டு மாத்திரையை எழுதித் தந்தார். பூனை அந்தக் கசப்பை நுரையாகத் துப்பியது.

எங்கள் தெருமுனையில், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கி, காயத்துக்குக் கட்டுப் போட்டு ஓய்வு பெற்ற டிரெசர் ஒருவர் மருந்துக்கடை வைத்திருந்தார். மாத்திரைகளை அரைத்து, குளுக்கோஸ் மாவில் கலந்து, ஒரு போத்தல் நிறையத் தந்தார். கூடவே நகத்தளவு தகரக் கரண்டி ஒன்று.

"ஒரு நாளைக்கு ஒரு கரண்டி, மீன்ல பெசஞ்சு வைங்க. குவிக்காதீங்க, வழிச்சுப் போடுங்க. நாலு மாசத்துக்கு வரும், முதலாளி."

"எனக்கே அளவு சொல்றியாய்யா?" என்று சிரித்தேன். கரண்டியை அன்றைக்கே எங்கேயோ போட்டுவிட்டேன்.

பத்து நாளில் வாந்தி நின்றது. பூனையின் வயிறு பந்துபோல் உருண்டது. தண்ணீர்ச் சட்டியை ஒரே மூச்சில் காலி செய்தது. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பெருமை அளந்தேன்.

"என்னங்க, முடி கொட்டுதே" என்றாள் மனைவி.

"தின்ன கொழுப்பு. சும்மா இரு."

இரண்டு மாதம் முடியவில்லை, போத்தல் காலி. டிரெசர் முன்னால் அதைக் கொண்டுபோய் வைத்தேன். "இன்னொண்ணு கலக்குய்யா, இதவிடப் பெருசா."

அவர் போத்தலைப் பார்த்தார், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். "கீழ கொட்டிட்டீங்களா?"

"ஒரு தூள் கொட்டல. எல்லாம் அது வயித்துலதான்."

"எவ்ளோ போட்டீங்க?"

"கைக்கணக்குதான். அப்புறம் வழக்கம்போல ஒரு சிட்டிகை."

மனிதர் கடையைச் சாத்திவிட்டு என்னோடு நடந்தார். வழியெல்லாம் என்னை முந்திக்கொண்டே போனார். எனக்கு எரிச்சலாக இருந்தது. வீட்டில் நுழைந்ததும், "இது கனத்த வந்து பாருய்யா!" என்று பூனையின் பிடரியைப் பிடித்துத் தூக்கினேன்.

நனைந்த காகிதம் கிழிவதுபோல் இருந்தது. பிடரித் தோல் உள்ளங்கை அகலத்துக்குப் பிளந்து தொங்கியது. ரத்தம்கூடச் சரியாக வரவில்லை. பூனை கத்தவும் இல்லை. கீழே இறங்கி, மீன் தட்டு எங்கே என்று பார்த்தது. மூட்டைக்கு அடியில் ஆள் நசுங்கியதைப் பார்த்தவன் நான். அப்போதுகூடக் கண்ணை மூடாதவன், இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"என்னா பண்ணிட்டீங்க!" என்று மனைவி கத்தினாள்.

"இன்னியோட மருந்த நிப்பாட்டுறேன், சத்தியமா!"

"ஐயோ, அத மட்டும் செஞ்சிராதீங்க" என்றார் டிரெசர், துணியைக் கிழித்துக் கட்டுப் போட்டபடி. "மருந்து மிஞ்சித்தான் தோலு இப்படி ஆயிருச்சு. ஆனா ஒடம்பு அதுக்குப் பழகிருச்சு. சட்டுனு நிறுத்துனா செத்துப்போகும். கொஞ்சங்கொஞ்சமாத்தான் கொறைக்கணும், இம்மி தப்பக்கூடாது."

கொல்வதும் அதுதான், பிழைக்க வைப்பதும் அதுதான் என்றால் நான் என்ன செய்வேன்? நேரே தட்டார் தெருவான ஜாலான் துக்காங் எமாஸ் போய், பழகிய ஆசாரியிடம் பொன் நிறுக்கும் சின்னத் தராசைக் கேட்டேன்.

"கையே தராசுன்னு ஊரெல்லாம் பீத்துனியே, என்னய்யா ஆச்சு?"

தராசைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தேன்.

டிரெசர் புதிதாகக் கலந்து தந்த போத்தலிலிருந்து, அவர் எழுதித் தந்தபடி ஒவ்வொரு வாரமும் எடையைக் குறைத்தேன். காயம் ஆற மூன்று மாதம் ஆனது. அந்த இடத்தில் முடி வெள்ளையாக முளைத்தது. மலாக்காவிலேயே பூனைக்குப் பொன் தராசில் மருந்து நிறுத்தவன் நான் ஒருவன்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் முள் நடுவில் நின்ற பிறகும் என் விரல் தானாகப் போத்தலுக்குள் போகும். மனைவி என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொள்வாள், தராசுத் தட்டை எடுத்து மீனில் கவிழ்க்கும் வரைக்கும்.