சர்க்கரையை விட்டவர் உப்பைப் பிடித்துக்கொண்டார்

இன்று காலை ராயபுரத்தில் ஒரு டாக்டரிடம் மாமாவை அழைத்துப் போனேன். மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர், எண்ணூர் உப்பளத்தில் மேஸ்திரி. நாலு வருஷமாக நீரிழிவு.

டாக்டர் அவர் கையில் துணிப்பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, பாதரசம் ஏறுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரத்த அழுத்தமும் ஏறியிருக்கு. நீரிழிவோட இதுவும் சேர்ந்தா இருதயம் தாங்காது. உப்பைக் குறையுங்க, கருவாட்டை விடுங்க."

மாமா நன்றாகத் தலையாட்டினார்.

திரும்பும்போது ரயில்வே பாலத்துப் படியில் பாதியில் நின்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கேட்டால் வாயுவாம்.

பாலத்தை இறங்கியதும் டீக்கடை. "எனுக்கு சக்கரெ வாணாம்பா, உப்பு போடு" என்றார். சர்க்கரையை விட்ட நாளிலிருந்து டீயிலும் உப்புதான். அந்தக் கட்டுப்பாட்டைத் தெருவே மெச்சுகிறது.

"மாமா, டாக்டர் இப்பதான சொன்னாரு?" என்றேன்.

"நான் காட்டப் போனது சக்கரெ நோயி. அவுரு இன்னாத்துக்கு உப்பப் பத்தி பேசறாரு? இருவது வருசமா உப்புலயே நின்னுகினு கீறேன் மச்சான். அது என்னை இன்னா பண்ணிடும்?"

வாதாடி என் தொண்டை வற்றியதுதான் மிச்சம். நான் ஏற வேண்டிய டிராம் வந்தபோது, வழியில் வாங்கி வைத்திருந்த கருவாட்டுப் பொட்டலத்தை "அக்காகிட்ட குட்துடு" என்று என் கையில் திணித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

பொட்டலம் இப்போது என் மேசைமேல் நாறிக்கொண்டிருக்கிறது. டிராமில் தவறவிட்டேன் என்று அக்காவிடம் சொல்லப் போகிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவருடைய பொட்டலத்தை நீங்கள் எங்கே தவறவிட்டீர்கள்?