ஓடினா தீனி, நின்னா புல்லு

குதிரைக்குக் கூட உழைப்பைப் பார்த்துத்தான் சோறு போட வேண்டும் என்று அந்த வெள்ளைக்கார அம்மாள் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எழுபதுகளின் கடைசி அது. திருவண்ணாமலையில் ஆட்டோக்கள் அப்போதுதான் ஒன்றிரண்டாகத் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. என் வீட்டுக்காரர் ஜட்கா ஓட்டினார். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு சிவப்புக் குதிரை. எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததே அதன் காலால்தான். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த அந்த அம்மாள், மலை சுற்ற எங்கள் வண்டியைத்தான் கூப்பிடுவார். அவருடைய நாட்டில் காலையில் குதிரை ஏறினால் பொழுது சாயும்வரை இறங்காமல் போகிற பந்தயம் உண்டாம். அதில் ஓடியவராம்.

மலை சுற்றி வரும்போது கடைசி இரண்டு மைலில் எங்கள் குதிரை துவண்டு போகும். அதைப் பார்த்துவிட்டு அவர் ஒரு வழி சொன்னார். பாதி வழியில் அடி அண்ணாமலை ஊரைத் தாண்டியதும் வண்டியை நிறுத்தி, வெல்லத் தண்ணீரில் ஊறிய அவல் ஒரு கைப்பிடி. இன்னும் கொஞ்ச தூரம் போய் மறுபடி ஒரு கைப்பிடி. செய்து பார்த்தோம். குதிரை காதை நிமிர்த்திக்கொண்டு வீடு வந்து சேர்ந்தது. என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் அவல் புராணம்தான்.

ஆனால் அந்த அம்மாள் அதோடு விடவில்லை. "ஓடினா தீனி. நின்னா புல்லு," என்பார், தனக்குத் தெரிந்த தமிழில் விரலை ஆட்டி. வண்டி கட்டாத நாளில் கொள்ளு, அவல், வெல்லம் எதையும் கண்ணில் காட்டக்கூடாதாம்.

"வேலை செஞ்சாத்தான் சோறா? இது என்னங்க நியாயம்?" என்று வீட்டில் வந்து பொரிந்து தள்ளினேன்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். "அவங்க ஊர்ல அப்படி. நம்ம ஊர்ல படுத்துக் கெடக்கறவனுக்கும் பந்தியில எலை உண்டு."

ரம்ஜான் பெருநாள் வந்தது. மூன்று நாள் வண்டி கட்டவில்லை. "இதுக்கும் லீவு, இதுக்கும் பெருநாள்," என்று சொல்லிச் சொல்லி அவர் தீனி வைத்தார். காலையில் வாளி நிறைய வெந்த கொள்ளு, சாயங்காலம் அவலும் வெல்லமும். குதிரை வாளியின் அடியை நக்கிவிட்டு அவர் சட்டையை முகர்ந்தது. புருஷனைவிடக் குதிரைக்குத்தான் பெருநாள் ஜோர் என்று நான்கூடக் கேலி செய்தேன்.

நாலாம் நாள் காலை அந்த அம்மாளுக்குச் சேமியாப் பாயசம் கொடுக்கலாமென்று தூக்கோடு நானும் வண்டியில் ஏறினேன். அந்த அம்மாள் தன் வாசலில் வந்து ஏறிக்கொண்டார். வண்டி ஒரு பர்லாங்குகூடப் போயிருக்காது. குதிரை நின்றுவிட்டது. அந்தக் குளிர்ச்சியான காலையில் அதன் உடம்பெல்லாம் வியர்வை. பின்னங்கால்கள் வெடவெடவென்று நடுங்கின. அப்புறம் அது மூத்திரம் பெய்தது. கெட்டி டிகாஷன் மாதிரி கறுத்து விழுந்தது.

"யார் கண்ணு பட்டுச்சோ," என்று என் வீட்டுக்காரர் குதித்து இறங்கி, அதை வீட்டுப் பக்கம் திருப்பக் கடிவாளத்தை இழுத்தார். அந்த அம்மாள் ஓடிப்போய்க் குதிரைக்கு முன்னால் ரோட்டில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டார்.

"ஒரு அடி நடக்கக் கூடாது. லீவுல என்ன குடுத்தீங்க?"

"பெருநாளாச்சே மேடம். ஒரு கொறையும் வைக்கல. எப்பவும் குடுக்கறத விட ஜாஸ்தியாத்தான் குடுத்தேன்."

அந்த அம்மாள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். குதிரையின் தொடையைத் தொட்டுப் பார்த்தேன். அம்மிக்கல்லைத் தொட்டது போலிருந்தது.

மத்தியானம் மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டார். "வயித்துக் கோளாறு இல்லம்மா. சும்மா நிக்கற குதிரைக்கு ஓடற குதிரையோட தீனியப் போட்டுட்டு, அப்புறம் வண்டியில கட்டினா சதை கெட்டுடும். அந்தச் சதைதான் கரைஞ்சு மூத்திரத்துல வருது," என்றார்.

பட்டினி போட்டுக் கொல்வார்கள், கேள்விப்பட்டிருக்கிறேன். ஆசையாகச் சோறு போட்டும் ஓர் உயிரைக் கொல்ல முடியும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

காலையிலேயே வண்டியை அவிழ்த்து, பக்கத்திலேயே இருந்த புளியமரத்தடியில் நிறுத்தியிருந்த குதிரையை அங்கேயே வைத்துக்கொண்டோம். தண்ணீரும் புல்லும் மட்டும். மலை சுற்ற வந்தவர்கள் வாயில்லா ஜீவன் என்று இரக்கப்பட்டு வாழைப்பழமும் சர்க்கரைப் பொங்கலும் நீட்டினார்கள். யாருக்கும் சோறு இல்லை என்று சொல்லியறியாத என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, "வேணாங்க, போட்டுடாதீங்க," என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். பட்டினி போடுகிற பாவி என்று ஒரு கிழவர் ஏசிவிட்டுப் போனார்.

மறுநாள் சாயங்காலம் மூத்திரம் தெளிந்தது. அதற்கும் சில நாள் கழித்து, டாக்டர் நடக்கலாம் என்ற பிறகுதான், என் வீட்டுக்காரர் குதிரையைப் பிடித்துக்கொண்டு அடி அடியாக வீட்டுக்கு வந்தார்.

அடுத்து பக்ரீத் வந்தது. வண்டி கட்டவில்லை. அவர் கொட்டகைக்குப் போய்க் குதிரைக்குப் புல் போட்டுவிட்டு வந்தார். நான் தட்டில் பிரியாணி வைத்தேன். அவர் உட்கார்ந்தார், தட்டைப் பார்த்தார், மெதுவாகத் தள்ளி வைத்தார்.

"ஏங்க, உடம்பு சரியில்லையா?"

"வெறும் புல்லப் போட்டுட்டு வந்தேன். காலி வாளிய ஒரு தடவ பாத்துச்சு, அப்புறம் என்னைப் பாத்துச்சு. நானும் இன்னிக்கி சும்மா நின்னுட்டுத்தானே இருக்கேன்."

பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.