"தயிர் சாதமா?" என்று கேட்ட டாக்டர்

கௌசல்யா டாக்டர் காலமான செய்தி நேற்று நம் லோஹேகாவ் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, மகள் ஆதிராவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். எல்லாரும் அஞ்சலி எழுதினீர்கள். என்னால் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. ஆதிரா தூங்கிவிட்டாள், இப்போது எழுதுகிறேன்.

ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுப்பவர் அவர். "தூங்க வைக்கிறவளை எப்படி ஞாபகம் வச்சுப்பீங்க? நீங்கதான் தூங்கிட்டீங்களே!" என்று பொங்கல் விழாவில் அவர் சிரித்தது உங்களுக்கும் நினைவிருக்கும்.

போன வருடம் ஆதிராவுக்கு டான்சில் எடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மத்தியானம் துப்பியதில் ரத்தம். "துளி ரத்தம் வந்தாலும் சாப்பிட எதுவும் கொடுக்காமல் உடனே கூட்டி வாங்க" என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆபீஸ் கிளம்பும்போதெல்லாம் கணவர் செந்திலும் அதையே சொல்வார். நானோ பதற்றத்தில், குளிர்ச்சியாக உள்ளே போனால் நின்றுவிடும் என்று ஃப்ரிட்ஜில் இருந்த தயிர் சாதத்தை ஊட்டினேன். நின்றதுபோல்தான் இருந்தது. அடிக்கடி எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தாள். தொண்டை வலி என்று நினைத்தேன். விழுங்கியது ரத்தம். ஆட்டோவில் என் துப்பட்டா முழுக்க வாந்தி எடுத்தபோதுதான் புரிந்தது.

ரத்தத்தை நிறுத்த மறுபடி மயக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. "கடைசியா எப்போ சாப்பிட்டா?" என்று ஆஸ்பத்திரியில் கௌசல்யா டாக்டர் கேட்டார். செந்தில் ஆபீசிலிருந்து ஓடிவந்து பக்கத்தில் நின்றார்.

"காலையில," என்றேன்.

டாக்டர் ஆதிராவின் சட்டைக் கழுத்தில் ஒட்டியிருந்த பருக்கையைப் பார்த்தார். "தம்பி, இந்த ரத்த சாம்பிளை லேப்ல குடுத்துட்டு வாங்க, ஓடுங்க." செந்தில் போனதும் என் காதருகே குனிந்தார்.

"தயிர் சாதமா?"

தலையாட்டினேன்.

"எப்போ?"

"மூணு மணிக்கு. வயிறு நிறைய."

"சரி. ரத்தத்தை முழுங்கியிருக்கா, எப்படியும் நிறைஞ்ச வயிறுன்னு வச்சுத்தான் நான் மயக்கம் குடுப்பேன். ஆனா சோறு மேல வந்து நுரையீரல்ல இறங்கினா ஆபத்து. தெரிஞ்சுட்டு உள்ள போறது வேற, மா."

அவ்வளவுதான். திட்டவில்லை. நர்ஸிடம் இந்தியில் பெரிய உறிஞ்சு குழாய் கேட்டுக்கொண்டே உள்ளே போனார்.

ரத்தம் நின்றது. வெளியே வந்தவரிடம் செந்தில் அழுதார். "நேத்து நான்தான் டாக்டர் அவளைப் பார்க்ல ஓட விட்டேன்."

"புண்ணு மேல கட்டின பொருக்கு உதிர்ற நேரம் தம்பி. சில பிள்ளைங்களுக்கு இப்படி ஆகும். யார் தப்பும் இல்ல." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் பேசுவேன் என்று காத்திருந்தார். நான் கைப்பையில் எதையோ தேடினேன்.

செந்திலுக்கு அந்த ஆறுதல் போதவில்லை. அதன்பின் பார்க்கில் ஆதிராவின் கையை விட்டதே இல்லை. பார்த்துக்கொண்டே சும்மா இருந்தேன்.

கேம்ப் மார்க்கெட்டில் காய் வாங்கும்போது டாக்டர் எதிரே வருவார். "வீட்ல சொல்லியாச்சா?"

"இன்னும் இல்ல, டாக்டர்."

"சரி, கத்திரிக்காயையாவது பார்த்து வாங்கு. உள்ள பூச்சி இருந்தா அது தானா வெளிய வந்து சொல்லாது."

பிறகு அவரைக் கண்டாலே அடுத்த சந்தில் திரும்பிவிடுவேன். இந்தப் பொங்கலுக்கு மண்டபத்தில் அவரைப் பார்த்ததும் சாப்பிடாமல் கிளம்பினேன். அவருக்கு உடம்பு சரியில்லை என்பதுகூட எனக்குத் தெரியாது. என் மகளை மீட்டுத் தந்தவரிடமிருந்து ஒளிந்து திரிந்திருக்கிறேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் தணிந்த குரல். ஆதிரா எதையாவது உடைத்துவிட்டு முழித்தால், மற்றவர்களை அனுப்பிவிட்டுக் குனிந்துதான் கேட்கிறேன்.

இதை உங்களுக்கு அனுப்புமுன் செந்திலிடம் படித்துக் காட்டினேன். தூங்கும் ஆதிராவின் போர்வையை இழுத்துவிட்டார். பிறகு, "ஒரு வருஷமா அவளை நான் ஓட விடல. தெரியுமா உனக்கு?" என்றார்.

"தெரியும்," என்றேன்.

சொல்லியாச்சு, டாக்டர்.