துறைமுகத்தில் அடித்த மணி

எங்கள் தோட்டத்து அலுவலகத்தை நடத்தும் பெரிய கிராணியார் பொய் சொல்கிறார். சிங்கப்பூரில் பிள்ளைகள் தொலைந்தது அவர்களுக்குப் புத்தி இல்லாததால் அல்ல. தப்பு, வாத்தியாரான என்னுடையது.

சிகாமட் பக்கத்து ரப்பர்த் தோட்டப் பள்ளியிலிருந்து பன்னிரண்டு பிள்ளைகளை ரயிலில் சிங்கப்பூருக்கு அழைத்துப் போனேன். துறைமுகத்தில் அவர்கள் கப்பல் பார்த்துக்கொண்டிருந்தபோது, குடிக்கத் தண்ணீர் கேட்க நான் ஒரு கடைக்குள் போனேன். எங்கோ மணி அடித்தது. வெளியே வந்தால் ஒரு பிள்ளையும் இல்லை. முதலில் கரையோரம் போய்க் கடலுக்குள் எட்டிப் பார்த்தேன்.

ஓடித் தேடினேன். ஒரு கிடங்கு வாசலில், மூட்டை தூக்கும் ஆட்களுக்குப் பின்னால் பன்னிரண்டு பேரும் வரிசையாக நின்றார்கள்.

"இங்க எதுக்குடி வந்தீங்க?" என்று முன்னால் நின்ற அஞ்சலையிடம் கத்தினேன்.

"மணி அடிச்சா பெரட்டுக்கு நிக்கணுமே வாத்தியாரய்யா!"

கிடங்கு மேஸ்திரி சிரித்தார். "ஆளுங்க நல்லாத்தான் நிக்கிறாங்க, நாளைக்கும் அனுப்பு லா!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோட்டத்தில் வேலையாட்களை வரிசையில் நிறுத்தி ஆள் எண்ண அடிப்பதுதான் பெரட்டு மணி. பள்ளியிலும் நான் அப்படித்தான் மணி அடித்துப் பிள்ளைகளை நிறுத்தினேன்.

இப்போது மணி அடிப்பதில்லை. ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன். பயணத்தைப் பற்றி அஞ்சலை எழுதியிருக்கிறாள்: "அடுத்த தடவை, இது எங்களுக்கு அடித்த மணியா என்று கேட்டுவிட்டுத்தான் போவேன்."

இனிப் பயணமே கிடையாது என்கிறார் கிராணியார். இப்படிக் கேட்கக் கற்ற பிள்ளையை ஏன் தடுக்கிறார்? நான் இதை எழுதும் இந்தப் பத்திரிகையிலேயே, எல்லாரும் படிக்க, அவர் பதில் எழுதட்டும்.