ஆடிட் நாளில் மட்டும் திறந்த கதவு

எங்கள் ஊர் மண்ணரையில் நான் தைக்கும் பனியன் கம்பெனியில் பின்கதவு எப்போதும் பூட்டியே இருக்கும். "தொறந்து வெச்சா பீஸ் களவு போயிருதுங்க. கம்பெனி நொடிச்சுப் போனா உங்க எல்லாருக்குந்தானுங்க கஷ்டம்" என்பார் முதலாளி. ஆர்டர் தரும் வெளிநாட்டுக்காரர்கள் தொழிலாளர் பாதுகாப்பைச் சோதிக்க ஆடிட்டுக்கு வரும் நாளில் மட்டும் திறந்து வைப்பார்.

அப்படியொரு நாளில், அவர்கள் வந்து சேரும் முன்பே, முன்வாசலை ஒட்டிக் குவித்திருந்த கட்டிங் வேஸ்ட் துணியில் தீப்பிடித்தது. பின்கதவு வழியாக எல்லோரும் தப்பினோம்.

"நம்ம நல்ல நேரமுங்க" என்றார் முதலாளி.

"இதே தீ நேத்துப் பிடிச்சிருந்தா சார்?" என்று கேட்டேன்.

மறுபடி வேலை தொடங்கிய அன்று போனால், பின்கதவில் பூட்டு தொங்கியது. அதைக் கழற்றும்வரை நாங்கள் யாரும் மெஷினைத் தொடவில்லை.

ஆடிட் நாளில் நான் அந்தக் கதவைப் பார்ப்பதே இல்லை. மற்ற நாள்களில், தள்ளித் திறந்து பார்த்த பிறகுதான் தைக்க உட்காருகிறேன்.